ஒரே நாய்ப்படம், ஐந்து வாக்கியங்கள்

படங்களும் அவற்றுக்கு மனிதர்கள் எழுதிய விவரிப்புகளும் சேர்ந்த ஃபிளிக்கர் 8கே என்ற தொகுப்பில், சாலையில் இரண்டு நாய்கள் இருக்கும் படம் ஒன்று உண்டு. அதற்கு ஐந்து பேர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது. கறுப்பு நாயும் புள்ளி நாயும் சண்டை போடுகின்றன என்கிறார் ஒருவர். கறுப்பு நாயும் மூன்று நிற நாயும் விளையாடுகின்றன என்கிறார் அடுத்தவர். கறுப்பு நாயும் பழுப்புப் புள்ளி உள்ள வெள்ளை நாயும் ஒன்றையொன்று முறைக்கின்றன என்பது மூன்றாவது. வெவ்வேறு இனத்து நாய்கள் இரண்டு ஒன்றையொன்று பார்க்கின்றன என்பது நான்காவது. ஐந்தாமவர் நிறமும் சொல்லவில்லை, இனமும் சொல்லவில்லை. இரண்டு நாய்கள் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன, அவ்வளவுதான்.

படங்களுக்கு விவரிப்பு எழுதுகிறவர்களுக்கும் அதைச் சரிபார்க்கிறவர்களுக்கும் இந்த ஐந்துமே பழகிய முகங்கள். நாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு என்பதிலும் வராது. நிறத்தில் கொஞ்சம் பிசகும். வினைச்சொல்லுக்கு வரும்போதுதான் ஆளுக்கொரு திசையாகப் போவார்கள். புதிதாகச் சேரும் சரிபார்ப்பாளர் இதைப் பார்த்ததும் ‘இதில் எது சரி?’ என்று கேட்பார். நான்கை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளக் கை பரபரக்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதிலேயே பயிற்சியின் பாதி போய்விடும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரட்டிய தொகுப்பு அது. 2013-ல் வெளிவந்த அவர்களின் கட்டுரையில் சுமார் 8,000 படங்கள், படத்துக்கு ஐந்து வாக்கியங்கள். மனிதர்களோ விலங்குகளோ ஏதாவது செய்துகொண்டிருக்கும் படங்களாகப் பார்த்து எடுத்தார்கள். விலங்கு என்றால் பெரும்பாலும் நாய்தான். 2014-ல் வந்த ஃபிளிக்கர் 30கே தொகுப்பில் 31,783 படங்கள், அதே ஐந்து வாக்கிய ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் கோகோ தொகுப்பும் படத்துக்கு ஐந்து என்றே வைத்தது. அதில் 5,000 படங்களுக்கு மட்டும் 40 வாக்கியங்கள் வரை சேர்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும் என்று இவர்களில் யாரும் நினைக்கவில்லை. ஐந்து பேரைக் கேட்டால்தான் எது எல்லோர் கண்ணிலும் படுகிறது, எது ஒருவர் கண்ணில் மட்டும் படுகிறது என்று தெரியும்.

வினைச்சொல் ஏன் இவ்வளவு சிதறுகிறது? கேமரா நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை நறுக்கி எடுத்து வைத்திருக்கிறது. சண்டை, விளையாட்டு, வருகை எல்லாம் நேரம் நீளும் விஷயங்கள். அந்த நறுக்குக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர்தான் போட்டு நிரப்புகிறார். நாயிடம் கடிபட்டவர் ஒரு மாதிரி நிரப்புவார், வீட்டில் இரண்டு நாய் வளர்ப்பவர் வேறு மாதிரி.

ஆகவே வினையைச் சரிபார்க்கும்போது முதலில் உடலைப் பார்க்க வேண்டும். முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் அது விளையாட்டுக்கு அழைக்கும் நிலை. இதை ஓரளவு நம்பலாம். வாய் தளர்ந்து திறந்திருப்பது, உடல் வளைந்து நெளிந்திருப்பது, ஒன்று தானாகவே மல்லாந்து கிடப்பது ஆகியவையும் விளையாட்டின் பக்கம். உடல் விறைப்பு, முன்னோக்கிச் சாய்ந்த எடை, மேலுதடு சுருண்டு பல் தெரிவது ஆகியவை சண்டையின் பக்கம். முதுகு மயிர் சிலிர்த்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, வெறும் உற்சாகத்திலும் சிலிர்க்கும். வாலும் அப்படித்தான்: படத்தில் வால் ஆடாது, உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும், ஆனால் ‘வாலை ஆட்டுகிறது’ என்று எழுதாதவர் அரிது. விளையாட்டின் அடையாளங்களில் குறைந்தது இரண்டு தெளிவாகத் தெரிந்தால் ‘விளையாடுகின்றன’ நிற்கலாம். இல்லையென்றால் ‘எதிரெதிரே நிற்கின்றன’ என்பதுதான் படம் தாங்கும் வினை.

முகபாவம் இன்னும் வழுக்கும். ‘குற்ற உணர்வோடு பார்க்கும் நாய்’ என்ற வாக்கியம் எந்தத் தொகுப்பிலும் வந்தே தீரும்: கிழிந்த தலையணை, பக்கத்தில் தலை குனிந்த நாய். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் அதட்டும்போதுதான் அது கூடியது. எனவே காது பின்னால் படிந்திருக்கிறது, கண் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது என்று எழுதலாம். குற்ற உணர்வு தலையணையைப் பார்த்த மனிதருடையது. நாக்கைத் தொங்கவிட்ட நாயெல்லாம் ‘சிரிக்கிறது’ என்பதும் இதே ரகம். வெயிலில் மூச்சிரைக்கும் நாய்தான் பாதி நேரம்.

பெயர் வைப்பதில் வேறு விதமான பிளவு. 1976-ல் உளவியலாளர் எலினோர் ராஷும் கூட்டாளிகளும் காட்டியது இது: ஒரு பொருளைக் கண்டதும் மக்கள் சொல்வது நடுமட்டப் பெயரைத்தான். விலங்கு என்றும் சொல்ல மாட்டார்கள், இனப்பெயரும் சொல்ல மாட்டார்கள், ‘நாய்’ என்பார்கள். 1991-ல் டனாகாவும் டெய்லரும் நாய் வல்லுநர்களையும் பறவை வல்லுநர்களையும் வைத்துப் பார்த்தபோது, தங்கள் துறையில் அவர்கள் இனப்பெயரை மற்ற துறையில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார்கள். தமிழில் எழுதுவோரிடமும் இதைக் காணலாம். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள படத்துக்கு நான்கு பேர் ‘வெள்ளை நாய்’ என்று எழுத, விருதுநகர்ப் பக்கத்துக்காரர் ‘ராஜபாளையம்’ என்று எழுதுவார். ஒல்லியாக, நீள மூக்கோடு நிற்பதை இன்னொருவர் ‘சிப்பிப்பாறை’ என்பார்; இல்லை, அது கன்னி என்று மற்றொருவர் மல்லுக்கு நிற்பார்.

இனப்பெயரை ஏற்பதில் கறாராக இருப்பது நல்லது. விக்டோரியா வோய்த் குழு 2009-ல் 20 கலப்பின நாய்களுக்குத் தத்துக்கொடுக்கும் அமைப்புகள் கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்த இனங்களை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டது. பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2015-ல் ஃபுளோரிடாவில் நான்கு காப்பகங்களின் 120 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், பிட்புல் வகையா இல்லையா என்பதில் ஊழியர்கள் பல நேரம் மரபணுவோடும் ஒத்துப்போகவில்லை, தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. இத்தனைக்கும் அவர்கள் நாயை நேரில் பார்த்தவர்கள். பிட்புல்லுக்குத் தடை உள்ள ஊர்களில் ஒரு காப்பகச் சீட்டில் விழும் அந்தச் சொல்லால் நாயின் உயிரே போகலாம். ஆகவே இனப்பெயர் வந்தால் அதை உறுப்புகளாகப் பிரித்து எழுதச் சொல்லலாம்: மயிர் குட்டையா நீளமா, காது நிமிர்ந்ததா மடிந்ததா, மூக்கு எவ்வளவு நீளம், வால் சுருளா நேரா. இனப்பெயரை நீக்க மனமில்லையென்றால் ‘போலத் தெரியும்’ சேர்த்து வைக்கலாம்.

நேர்மாறாக, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும் சேதியைத் தூக்கி எறியவும் கூடாது. தெருநாயின் காது நுனியில் ஒரு வெட்டு. நான்கு பேர் ‘காது கிழிந்த நாய்’, ‘அடிபட்ட நாய்’ என்று எழுதுவார்கள். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவர் ‘கருத்தடை செய்யப்பட்ட நாய்’ என்று எழுதுவார். நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அறுவை முடிந்த நாய்க்கு இடும் அடையாளம் அந்த வெட்டு. பெரும்பான்மை வாக்கெடுத்தால் சரியான ஒருவர் தோற்றுப்போவார். வெட்டு நேராகவும் ஆறியும் இருந்தால் ஐந்தாவதை வைக்க வேண்டும்; பிசிறாக, புண்ணாக இருந்தால் நால்வர் பக்கம் நியாயம்.

சில சண்டைகளுக்கு எழுதியவர் காரணமே இல்லை, படம்தான் காரணம். கைபேசியில் எடுத்த படத்தில் ‘எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும்’ என்ற குறிப்பு தனியாகப் பதிந்திருக்கும். அதை மதிக்காத மென்பொருளில் படம் பக்கவாட்டில் திரும்பி, படுத்திருக்கும் நாய் சுவரேறும். நிழலில் நிற்கும் வெள்ளை நாய் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும், செம்மண் தரையில் நின்றால் வயிற்றுப்பக்கம் செவலையாகும். லென்ஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் தலை பெருத்து, வளர்ந்த நாயும் குட்டி என்று பெயர் வாங்கும். அளவைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் நாற்காலியோ பைக்கோ மனிதரோ இருக்க வேண்டும், வெறும் புல்வெளியில் ‘பெரிய நாய்’ செல்லாது. பெரிய திரையில் பார்த்தவர் கழுத்துப் பட்டையைக் காண்பார், சிறு உருவில் பார்த்தவர் ‘தெருநாய்’ என்று எழுதிவிடுவார். எல்லோருக்கும் ஒரே அளவில் படத்தைக் காட்டினால் இதில் பாதி தீரும்.

கோப்பின் பெயரும் காட்டிக்கொடுக்கும். பெயரில் ‘காணவில்லை’ என்று இருந்தால் ஐந்து பேருக்கும் நாய் சோகமாகத் தெரியும். ஆகவே எழுதுபவர் கண்ணில் கோப்புப் பெயர் படக் கூடாது, மற்றவர் எழுதியதும் படக் கூடாது. நாய்ப்படங்களை வரிசையாகக் கொடுக்கக் கூடாது. பத்தாவது படத்தில் கை சலித்து ‘ஒரு நாய் நிற்கிறது’ என்று அச்சு வார்த்தது போல வரத் தொடங்கும், அல்லது ‘இதுவும் அதே நாய்’ என்று முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எழுதுவார்கள்.

சரிபார்க்கும்போது, படத்தைத் திறக்காமல் முதலில் ஐந்து வாக்கியங்களையும் படிப்பது நல்ல பழக்கம். படித்ததும் மனத்தில் ஒரு படம் எழும், அதன்பிறகு உண்மைப் படத்தைத் திறந்தால் யாருமே சொல்லாமல் விட்டது சட்டென்று தெரியும். மூன்று கால் நாயை ஐந்து பேரும் வெறும் நாய் என்று எழுதியிருப்பது இப்படித்தான் பிடிபடும். அடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் நிறம்: கண்ணால் கண்டது பச்சை, கண்டதிலிருந்து ஊகித்தது மஞ்சள், படத்துக்கு வெளியிலிருந்து வந்தது சிவப்பு. ‘பசியோடு இருக்கும் தெருநாய் உரிமையாளருக்காகக் காத்திருக்கிறது’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் பச்சை. தெரு மஞ்சள்; பட்டை இல்லாததை வைத்து ஊகித்திருக்கிறார். பசி சிவப்பு, விலா எலும்பு தெரிந்தால் அதையே எழுதட்டும். உரிமையாளர் அடர்சிவப்பு, தெருநாய்க்கு ஏது உரிமையாளர்? ஃபிளிக்கர் 30கே வாக்கியங்களில் இத்தகைய ஆதாரமில்லாத ஊகங்கள் எவ்வளவு ஊறிக் கிடக்கின்றன என்று எமியல் வான் மில்டன்பர்க் 2016-ல் எழுதினார். அவர் பார்த்தது மனிதர்களைப் பற்றிய ஊகங்களை. நாய்க்கும் அது அப்படியே பொருந்தும்.

கோகோவின் விதிகளில் முன்பின் நடந்ததை ஊகிக்காதே, பெயர் சூட்டாதே போன்றவை தமிழுக்கும் நன்றாகவே உதவும். குறைந்தது எட்டுச் சொல் வேண்டும் என்ற விதியை மட்டும் அப்படியே எடுத்துவந்தால் கெடும். ஆங்கிலம் எட்டுச் சொல்லில் சொல்வதைத் தமிழ் ஐந்தில் முடித்துவிடும். மீதி மூன்றை நிரப்ப ‘மிகவும்’, ‘அழகான’, ‘அமைதியாக’ எல்லாம் வந்து உட்காரும். சொல் எண்ணிக்கையை விட்டு, உருவம், நிலை, இடம் மூன்றும் வர வேண்டும் என்று கேட்டால் போதும்.

ஐவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணினியில் அளப்பதிலும் தமிழுக்கென்று குழிகள் உண்டு. ‘கறுப்பு நாய் சாலையில் ஓடுகிறது’, ‘சாலையில் ஒரு கருப்புநாய் ஓடிக்கொண்டிருக்கிறது’: சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் நிரலுக்கு இவற்றில் பொதுவானது ‘சாலையில்’ மட்டும். றுவும் ருவும் வேறு, சேர்த்தெழுதியது வேறு, வினைமுற்று வேறு. போதாததற்கு, ‘ஒ’கர உயிர்மெய்யின் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம்; பார்க்க ஒன்றுபோல இருந்தும் கணினிக்கு வெவ்வேறு. முதலில் யுனிகோடை ஒருமுகப்படுத்தி, எழுத்துத் துண்டுகளை ஒப்பிடும் முறையைப் பயன்படுத்தினால் எண் ஓரளவு உண்மைக்குக் கிட்டே வரும். 2015-ல் வந்த சைடர் என்ற அளவுகோலில் வேறொரு வேடிக்கை. எல்லாப் படத்திலும் வரும் சொல்லுக்கு அது எடை குறைக்கும். தொகுப்பு முழுக்க நாயாகவே இருந்தால் ‘நாய்’ என்ற சொல்லின் எடை சுழியம். நாயை நாய் என்று சொன்னதற்கு மதிப்பெண்ணே கிடையாது!

கடைசியில், வாக்கியம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும். தேடுபொறிக்கோ கணினிப் பயிற்சிக்கோ போவதானால் சிவப்பை மட்டும் நீக்கி ஐந்தையும் அப்படியே அனுப்பலாம். ‘சண்டை’ என்று தேடுகிறவருக்கும் ‘விளையாட்டு’ என்று தேடுகிறவருக்கும் அந்தப் படம் கிடைக்கட்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்குப் போவதானால் ஒன்றுதான் போக முடியும். அதை ‘படத்தில்’ என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடும். கட்டுரை எதைப் பற்றியதோ அந்த விவரம் முன்னால் வர வேண்டும்: கருத்தடை பற்றிய செய்தியில் காது வெட்டு, தத்தெடுப்பு அறிவிப்பில் அளவும் உடல்நிலையும், காணாமல்போன நாயின் அறிவிப்பில் பட்டையின் நிறமும் எந்தக் காலில் வெள்ளை என்பதும். இடது, வலது சொல்லும்போது நாயின் இடது வலதா, பார்ப்பவரின் இடது வலதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். நாயின் இடது என்று வைப்பதே மேல், ஏனென்றால் தேடிப்போகிறவர் எதிரே வருவது நாய்தான், படமில்லை.