நங்கூரத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல்

2025 மார்ச் 10 அன்று, இங்கிலாந்தின் ஹம்பர் முகத்துவாரத்துக்கு அப்பால் வட கடலில் நங்கூரமிட்டு நின்ற ஸ்டெனா இம்மாகுலேட் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலின் மீது சோலாங் என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் மோதித் தீப்பற்றியது. அந்தச் செய்தியைத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றபடி படித்தேன். கிழக்கே, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் வழக்கம்போல் தெரிந்தன.

இது சதியோ என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. நின்ற கப்பலில் அமெரிக்க ராணுவத்துக்கான விமான எரிபொருள் சுமார் 2,20,000 பீப்பாய், அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கோடி லிட்டர் இருந்தது. மோதிய கப்பலின் கேப்டன் ரஷ்யர். போதாக்குறைக்கு, முந்தைய கிறிஸ்துமஸ் நாளில்தான் பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான கடலடி மின்வடம் அறுந்து, அதை அறுத்த சந்தேகத்தில் ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து பிடித்து வைத்திருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா, "இது எம்டன் வேலை" என்று எழுதிவிட்டார். விளையாட்டாகச் சொன்னாலும் பொருத்தமான பெயர்தான்: 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் சுட்டு எரித்தது பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளை.

ஆனால் எம்டன் தூரத்திலிருந்து சுட்டுவிட்டுத் தப்பியோடியது. சோலாங்கோ ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்திலிருந்து ராட்டர்டாமுக்குச் செல்லும் வழியில், 14 பேரைச் சுமந்துகொண்டு, சுமார் 16 நாட் (மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.) வேகத்தில் நேராகப் போய் முட்டியது. அதன் மாலுமிகளில் ஒருவர் உயிரிழந்தார். விமான எரிபொருள் நிறைந்த கப்பலின் மீது தன் கப்பலின் முகப்பையே கொண்டுபோய் மோதும் சதிகாரன் முதலில் தன்னையல்லவா எரித்துக்கொள்வான்? பிரிட்டன் அரசும் சதிக்கான சான்று எதுவும் இல்லை என்றே கூறியது. கேப்டன் மீது பதிவான குற்றச்சாட்டு, பெரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்பதே. இரு கப்பல்களிலும், கப்பலை இயக்கும் மேல்தள அறையில் கடலைப் பார்ப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட காவலாள் இல்லை என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் இடைக்கால அறிக்கையில் எழுதியது. பனிமூட்டம் விட்டுவிட்டு இருந்த காலை அது.

எனவே சதிக் கதையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் எரிபொருள் பாதுகாப்பு குறித்த கவலை அதனுடன் தீர்ந்துவிடவில்லை. ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில் (சென்னைக்குக் குடிநீர் தரும் நம் செங்குன்றத்தின் பெயர்தான், அங்கும் கதை குடிநீரில்தான் முடிந்தது) நிலத்தடித் தொட்டிகளில் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த எரிபொருள் 2021-இல் கசிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடிநீரில் கலந்தது. 2022-இல் அந்தக் கிடங்கை மூட முடிவெடுத்து, எரிபொருளைப் பல இடங்களுக்கும் கடலிலுள்ள கப்பல்களுக்கும் பிரித்து வைக்கத் திட்டமிட்டார்கள். போர்க்காலத்தில் எண்ணெய் சுமக்க அமெரிக்கா உதவித்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்த தனியார் எண்ணெய்க் கப்பல்கள் அப்போது பத்தே பத்து. ஸ்டெனா இம்மாகுலேட் அவற்றுள் ஒன்று. ஒரு வல்லரசின் எரிபொருள் ஏற்பாட்டில் பத்தில் ஒன்றை முடக்க எதிரி தேவைப்படவில்லை, வெளியே பார்க்க ஓர் ஆள் இல்லாமற்போனதே போதுமானதாக இருந்தது என்பதுதான் எனக்குச் சதியைவிடக் கலக்கம் தருவது.

எங்கள் கரைக்கு இது தெரிந்த கதை. 2017 ஜனவரி 28 விடியுமுன் எண்ணூருக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, பெரிய கசிவு ஏதுமில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களில் எர்ணாவூர்ப் பாறைகளுக்கிடையே தார்க்குழம்பு போன்ற எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளிக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு நாள் போயிருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் கால்நகக் கறுப்பு வாரக்கணக்கில் போகவில்லை. அன்று என் பக்கத்தில் வாளி வாங்கிக்கொண்டிருந்த வயதான மீனவர், கப்பலின் கொடியையோ கேப்டனின் நாட்டையோ விசாரிக்கவில்லை. "மேலே நின்னு பாத்துக்கிட்டிருந்தது யாரு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.