லூசிடானியா: படகு இருந்தும் இறக்க முடியாத 18 நிமிடம்

கிணத்துக்குள்ள மோட்டார் இறக்கும்போது நம்ம கொங்குப் பக்கம் மேட்டில் நிற்கிறவர் விடாமல் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு பக்கமும் ஒண்ணாட்ட உடுங்க!" ஒரு பக்கக் கயிறு ஒரு முழம் முந்தினாலும் மோட்டார் தலைகீழாகச் சாய்ந்து பாறையில் இடிக்கும். முதல் உலகப்போர் நடந்த 1915 மே 7 அன்று அயர்லாந்துக்குத் தெற்கே லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலில் கயிற்றில் தொங்கியவை சுமார் 5 டன் எடையுள்ள மரப்படகுகள். உள்ளே பெண்களும் குழந்தைகளும்.

பிற்பகல் 2.10 மணி. ஜெர்மன் நீர்மூழ்கி யு-20 ஏறக்குறைய 700 மீட்டர் தொலைவிலிருந்து நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ ஒன்றே ஒன்றை விட்டது. அது கப்பலின் வலப்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே அடித்தது. உடனே இரண்டாவதாக ஒரு வெடிப்பு. அது கரித்தூளா, நீராவிக் குழாயா, சரக்கில் இருந்த வெடிபொருளா என்று இன்றும் வாதாடுகிறார்கள். படகுகளைக் கெடுத்தது எது என்று பார்த்தால், என் கணக்கில் அந்த வாதத்தைவிடச் சாய்வுதான் முக்கியம்.

கொதிகலன் அறைகளின் இரு ஓரமும் நீளவாக்கில் நிலக்கரிக் கிடங்குகள். போர் வந்தால் கப்பலைக் கடற்படைக்கு எடுத்துக்கொள்ளலாம், பீரங்கிக் குண்டைக் கரி தடுக்கும் என்று போட்ட அமைப்பு. டார்பிடோவோ கீழே வந்து அடித்தது. புகுந்த நீர் மறுபக்கம் பரவ வழியில்லாமல் வலப்பக்கக் கிடங்கிலேயே நின்றது. பவானி ஆற்றில் பரிசலின் ஒரே ஓரத்துக்கு எல்லோரும் நகர்ந்தால் எப்படியோ, அப்படி. சில நிமிடங்களில் 15 டிகிரி சாய்வு. திறந்து கிடந்த வட்டச் சன்னல்கள் நீரில் இறங்க, அவை வழியாகவும் தண்ணீர் ஏறியது. 1912இல் டைட்டானிக் பெரிதாகப் பக்கம் சாயாமல் 2 மணி 40 நிமிடம் மிதந்ததால்தான் அங்கே பெரும்பாலான படகுகளை இறக்க முடிந்தது.

டைட்டானிக்குக்குப் பிறகு படகுக்குக் குறைவில்லை: 22 மரப்படகு, 26 மடக்குப் படகு, மொத்தம் 48. ஒழுங்காக இறங்கியவை 6.

வலப்பக்கம் படகுகள் கப்பலை விட்டு ஆறேழு அடி விலகித் தொங்கின. கீழே கடல், அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இடப்பக்கம் நேர்மாறு. படகைப் பிடித்திருந்த சங்கிலிக் கொக்கியைத் தட்டிவிட்டதும் அது உள்பக்கமாக ஆடி, தளத்தில் நின்றவர்களை நசுக்கியது. தள்ளி வெளியே கொண்டுபோன படகுகளோ சரிந்த கப்பல் சுவரில் உரசி இறங்கின. சுவர் முழுக்கப் புடைத்து நிற்கும், இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் படகுப் பலகைகளைக் கிழித்தன.

முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் ஒரே வேகத்தில் விட வேண்டியவர்கள் சாய்ந்த தளத்தில் கால் ஊன்ற முடியாமல் நின்றார்கள். ஒருவர் கை நழுவினால் ஒரு முனை சட்டென்று விழும்; உட்கார்ந்தவர்கள் கடலில் கொட்டிவிடுவார்கள். சரியாக இறங்கினாலும் ஆபத்து தீரவில்லை. நீராவி அழுத்தம் விழுந்ததால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிக் கப்பலை நிறுத்த முடியவில்லை. ஓடுகிற கப்பலிலிருந்து நீரைத் தொட்ட படகு கயிற்றோடு இழுபட்டுக் கவிழும்.

2.28க்குக் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,960 பேரில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். மடக்குப் படகுகள் பல கட்டு அவிழ்க்கப்படாமலே கப்பலோடு போயின. தானாகக் கழன்று மிதந்த சிலவற்றைப் பற்றிக்கொண்டுதான் நீரில் கிடந்த பலர் உயிர் தப்பினார்கள்.