ரங்கூன் நாட்குறிப்பு: பச்சை லாங்ஜி

மே 4, ஞாயிறு
கிடங்கு காலி. சித்தி மகன், என் கூட்டாளி, உளுந்து மூட்டைகளை விற்றுப் பணத்தோடு போய் ஒன்பது நாளாகிறது. கையெழுத்து என்னுடையது, கடனும் என்னுடையது. சபையில் பக்கத்தில் இருந்த அக்கா, "எல்லாம் நன்மைக்கே, அழாதம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மே 6, செவ்வாய்
ராத்திரி 11 மணிக்குத்தான் கரண்ட் வந்தது. வேதாகமத்தில் ஆதியாகமம் 37லிருந்து வாசித்தேன். 17 வயதில் அண்ணன்மார் கையால் 20 வெள்ளிக்காசுக்கு விலைபோன யோசேப்பு, 30 வயதில்தான் எகிப்து ராஜாவான பார்வோன் முன் நிற்கிறான். சிறையில் இவன் உதவிய பானபாத்திரக்காரன் இவனை மறந்துபோனதில் மட்டும் 2 வருஷம். தலைப்பிள்ளைக்கு மனாசே என்று பேர் வைக்கிறான். வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினாராம். அடுத்த அதிகாரத்திலேயே அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நிற்க, இவன் அவர்களைவிட்டு அப்பால் போய் அழுகிறான். அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. கர்த்தர் கூடவே இருந்த மனுஷனுக்கும் கண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது.

மே 7
கடன்காரர் இருவர் வந்தார்கள். மாசக் கடைசி வரை தவணை.

மே 11, ஞாயிறு
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு, பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் கதை சொன்னேன். 1824ல் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டபோது, பர்மிய மொழியில் எழுதிவைத்த புதிய ஏற்பாட்டை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் தைத்துக் கொடுத்தார். கைதிகளை வேறிடம் இழுத்துப்போன நாளில், காவலர்கள் மேலுறையை எடுத்துக்கொண்டு பஞ்சுருண்டையை வீசிவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, உள்ளே இருப்பது தெரியாமலே, எஜமானின் நினைவாக அதை எடுத்துவைத்தார். 1834ல் வேதாகமம் முழுவதும் பர்மிய மொழியில் முடிந்தது.

"அந்த அம்மா?" என்றது ஒரு பிள்ளை.

1826ல் இறந்துபோனார். ஆறு மாதத்தில் கைக்குழந்தையும். அதைச் சொல்லிவிட்டு மேலே பேச வரவில்லை. ஜெபம்பண்ணி முடித்தேன். ஆனால் அந்தப் பஞ்சுருண்டை ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் நின்றது. கர்த்தர் எதை எங்கே பத்திரப்படுத்துகிறார் என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. அவரை நம்புகிறேன்.

மே 19, திங்கள்
மழை. வாசலில் சித்தி. உள்ளே வராமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்றுதான் யோசேப்பும் அண்ணன்மாரிடம் முதலில் சொல்கிறான். தீமையைத் தீமை என்றே சொன்னபிறகுதான் தேவன் அதை நன்மையாக முடித்த பேச்சு.

"அவன் செஞ்சது துரோகம்தான் சித்தி. நீங்க உள்ள வாங்க."

சோறு போட்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவன் மகளுக்குச் சீருடைக்கான பச்சை லாங்ஜி, இடுப்பில் சுற்றிக்கட்டும் துணி, இன்னும் எடுக்கவில்லையாம். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.