என் பெயர் அவர்களுக்குக் குடும்பப்பெயர்

தேனி மாவட்டம் கூடலூரில் பென்னிகுவிக் என்று பெயர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பெயர் அது. 1895இல் அந்தத் தண்ணீர் மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. அதில் நெல் விளைந்த வீடுகளில் பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது இன்றைக்கும் உண்டு. என் வகுப்பிலேயே இன்னொருவன் இருந்தான். அவன் பெரிய பென்னி, நான் சின்ன பென்னி.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வேலைக்கு வந்த முதல் மாதம், ஒரு கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். "மிஸ்டர் பெனிகுக்" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். யார் அந்தச் சோம்பேறி என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். நான்காவது தடவை அந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

என் பெயரை அவர் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் முப்பது வருடமாக வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். Pennycuick என்ற ஆங்கில எழுத்துகளை ஸ்காட்லாந்தில் 'பெனிகுக்' என்றுதான் வாசிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பலகைகளில் குவிக், குயிக், குக் என்று மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள். அதில் 'குக்' எழுதிய பெயின்டர்தான் சரி என்று அன்றைக்குத் தெரிந்தது.

இது எப்படிக் குடும்பப்பெயர் ஆனது என்று கேட்டால், பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. இனிஷியல்தான் உண்டு என்று சொல்லிப் புரியவைக்க முடியாமல் ஒற்றைப் பெயராகவே போட்டிருந்தேன். இங்கே வந்து இறங்கியதும் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அலுவலகத்தில் நான் பென்னி இல்லை, மிஸ்டர் பெனிகுக். "உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் என்ன சொல்வது? சிரித்து வைப்பேன்.

மனைவி கருவுற்ற பிறகுதான் இது வீட்டுப் பிரச்சினையானது. ஸ்காட்லாந்தில் குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், குடும்பப்பெயரும் சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி அப்பா பெயர் பின்னால் வந்தால் பிள்ளை இன்னார் பென்னிகுவிக். "உங்க ஊர்ல அது மரியாதை. இங்க யாரோ ஒரு குடும்பத்தோட பேரு. நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. சரி, அது யாருடைய பெயர், எங்கிருந்து வந்தது, இன்றைக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

முதலில் போனது ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்துக்கு. 1855 முதல் எல்லாப் பிறப்பும் திருமணமும் இறப்பும் சட்டப்படி பதிவானவை. அதற்கு முன்னால் உள்ளவை தேவாலயப் பதிவேடுகள். பெயர் போட்டுத் தேடுவதற்குக் காசு இல்லை. பக்கத்தின் படத்தைத் திறந்தால்தான் காசு. நான் திறந்தபோது ஒரு படத்துக்கு ஒன்றரை பவுண்ட். இந்த ஒன்றரை பவுண்ட் சின்னதாகத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கும்போது எவ்வளவு கரைகிறது என்றே தெரியாது.

என் பெயரின் எழுத்துகளை அப்படியே போட்டுத் தேடினேன். கொஞ்சமாகத்தான் வந்தது. அட, அபூர்வப் பெயர்தான் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் நடுவில், எந்த எழுத்துக்கும் பொருந்தும் உடுக்குறி (*) போட்டு, முன்னும் பின்னும் உள்ள எழுத்தை மட்டும் வைத்துத் தேடியதும் மடை திறந்தது போல வந்து கொட்டியது. ஒரு 'என்' போட்டவர்கள், இரண்டு 'என்' போட்டவர்கள், நடுவில் 'ஒய்', 'ஐ', 'ஈ' என்று ஆளுக்கொன்று. கடைசியில் இரண்டு 'ஓ' போட்டு, சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கில 'குக்' (cook) மாதிரி எழுதுகிறவர்கள்தான் கூட்டத்தில் பெரும்பாதி. ஒரே அப்பாவின் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்து இருந்தது. பதிவேட்டை எழுதிய பாதிரியார் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதினார். எங்கள் ஊர் பெயின்டர்கள் மட்டும் என்ன, அவர்களுக்கு முன்னோடிகள் இங்கேயே இருந்திருக்கிறார்கள்.

முதல் வாரத்தில் கண்டபடி படங்களைத் திறந்து காசைக் கரைத்தேன். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு யோசனை: 1855ஆம் ஆண்டின் பக்கம் கிடைத்தால் அதை முதலில் திறங்கள். அந்த ஒரு வருடம் மட்டும் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். வேலை அதிகம் என்று அடுத்த வருடமே பல கேள்விகளை எடுத்துவிட்டார்கள். பதிவாளர்களின் அந்தச் சலிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்று தேடுகிறவர்களுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

பெயரின் மூலத்துக்கு வந்தால் அது எளிதாகவே கிடைத்தது. பெயர் ஓர் ஊருடையது. எடின்பரோவுக்குத் தெற்கே பத்து மைல் தூரத்தில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் அதே உச்சரிப்பில் ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் எழுத்து வேறு: Penicuik. காகித ஆலைகளால் வளர்ந்த ஊர். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வருவதற்கு முன் அந்தப் பகுதியில் பேசிய, வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய மொழியில் 'பென்' என்றால் தலை, குன்று. 'கோக்' என்றால் குயில். குயில் குன்று! அந்த வரியை வாசித்துவிட்டு நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குவிக்கா குயிக்கா என்று எங்கள் ஊர்ப் பலகைகள் தடுமாறிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு குயில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

(நம் கருங்குயிலும் இவர்களுடைய சாம்பல் குயிலும் வேறு வேறு பறவைகள், ஆனால் ஒரே குடும்பம், இரண்டும் அடுத்த பறவையின் கூட்டில்தான் முட்டையிடும். என் நிலைமைக்கு அந்தத் தகவல் பொருத்தமாகவே பட்டது.)

37ஆம் எண் பேருந்தில் ஏறி அந்த ஊருக்கே போனேன். பென்ட்லண்ட் மலைகள் பக்கத்திலேயே நிற்கின்றன. கடைத்தெருவில் நான் பேசிய யாருக்கும் என் பெயர் குடும்பப்பெயராக இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பேருந்தில் திரும்பும்போதுதான் புரிந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கம்பத்தில் இருக்கும் வரை யாரையும் கம்பத்துக்காரர் என்று கூப்பிட மாட்டார்கள். மதுரைக்குப் போய்க் கடை போட்டால்தான் 'கம்பத்துக்காரர் கடை'. ஊரைவிட்டுப் போனவரோடுதான் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் ஊர்வழிக் குடும்பப்பெயர்களில் பல இப்படித்தான். அபூர்வமான பெயராக இருந்தால் தேட வேண்டியது அந்த ஊரை அல்ல, அதைச் சுற்றியுள்ள ஊர்களை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த நிலத்தையே ஆண்ட ஜமீன்தார் மாதிரியான குடும்பமும் ஊர்ப்பெயரைத் தாங்கியது. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் கையிலிருந்து நிலம் போய், பாரிஸில் வியாபாரம் செய்து பணம் சேர்த்த கிளார்க் குடும்பத்துக்கு வந்தது. நிலத்தோடு ஒரு வேடிக்கையான கடமையும் வந்தது: அரசர் எடின்பரோ பக்கம் வேட்டைக்கு வந்தால் நிலத்துக்காரர் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். நிலமும் கொம்பும் போன பிறகு பழைய குடும்பத்தாரிடம் மிஞ்சியது பெயர்தான்.

எங்கள் பொறியாளர் தன் பெயரை எழுதியது 'யு-ஐ' போட்ட எழுத்தில். அவர் பிறந்தது 1841இல், புனேயில். அவருடைய அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், படைத்தளபதி. 1849 ஜனவரியில், பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த சிலியன்வாலா போரில் அந்த அப்பாவும், பதினேழு வயது மூத்த பிள்ளை அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்தார்கள். அப்போது நம் பொறியாளருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. பொங்கல் தோறும் அவருக்கு மாலை போட்டு வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. சிலையைத்தான் தெரியும்.

அதே எழுத்தில் இன்னொருவரும் அகப்பட்டார். கொலின் பென்னிகுவிக், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர், 2019இல் காலமானார். வாழ்நாள் முழுக்கப் பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று ஆராய்ந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கிளைடர் விமானத்தில் ஏறிக் கழுகுகளின் பின்னாலேயே பறந்து கணக்கெடுத்திருக்கிறார். குயில் குன்று என்று பெயர் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்?

எண்ணிக்கைதான் படுத்தி எடுத்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2002ஆம் ஆண்டின் சுகாதாரப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஒரு பெரிய குடும்பப்பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் பெயரை விட்டுவிட்டார்கள். அபூர்வப் பெயரைத் தேடுகிறவனுக்குத் தேவையானது அந்த விட்டுப்போனதுதானே! போதாக்குறைக்கு, இறந்துபோனவர்களும் நாட்டைவிட்டுப் போனவர்களும் அந்தப் பதிவேட்டில் கொஞ்சம் மிச்சம். ஸ்காட்லாந்து அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 1881 கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் முழுவதுமாகப் படியெடுத்து வைத்திருப்பதால் அந்த ஆண்டை மட்டும் நிம்மதியாகப் பார்க்கலாம். மற்றபடி இணையத்தில் 'உலகில் உங்கள் பெயரில் இத்தனை பேர்' என்று கறாராக எண் சொல்லும் தளங்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் மதிப்பீடு, பார்வைக்கு மட்டும் எண்ணிக்கை.

அதைவிடப் பெரிய சிக்கல், எதை ஒரு பெயர் என்று எண்ணுவது என்பது. இரண்டு 'ஓ' போட்டவர்களைச் சேர்த்தால் இது சாதாரணமாக எதிர்ப்படக்கூடிய ஸ்காட்லாந்துப் பெயர். 'யு-ஐ' போட்டவர்களை மட்டும் எண்ணினால் தேய்ந்து மறையும் நிலையில் உள்ள பெயர். உச்சரிப்பு ஒன்று, வேர் ஒன்று, பட்டியலில் மட்டும் இரண்டு கதை. இங்கிலாந்தில் பாத் நகருக்குப் பக்கத்தில் 'பென்னிகுயிக்' என்றே ஓர் இடம் இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் அந்தப் பக்கமும் ஓடினேன். எங்கள் ஊர் உச்சரிப்பை நம்பிப் போன வெட்டி வேலை.

நூலகத்தில் பழக்கமான ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், வாரத்தில் நான்கு நாள் அங்கேயே இருப்பார். அவர்தான் டிஎன்ஏ பற்றிச் சொன்னார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009இல் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களை எடுத்து, அந்தப் பெயருள்ள 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் டிஎன்ஏ பகுதியை, ஒப்பிட்டார்கள். ஸ்மித் மாதிரி எங்கும் உள்ள பெயரில் இருவரை நிறுத்தினால் அவர்களுக்குள் உறவு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெயர் அபூர்வமாக ஆக, ஒரே முப்பாட்டனிடம் போய் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. "உன் பெயர் அபூர்வம். நீயும் கொடுத்துப் பார்" என்றார் பெரியவர், முழு மனதோடு. என் பெயர் என் தாத்தா முத்தையாவிடமிருந்து வரவில்லை, ஓர் அணையிலிருந்து வந்தது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர்?" என்றார். யாரும் எண்ணவில்லை என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம்.

குழந்தை மே மாதம் பிறந்தது. பெண். குயிலி என்று வைத்தோம். வேலுநாச்சியார் படையின் குயிலியை நினைத்து வைத்ததாக மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள். குன்றின் மேலிருந்த குயிலும் அதில் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் குயிலைக் காட்டியதால்தான் பின்பெயருக்குச் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பதினெட்டாம் நாள் பதிவுக்குப் போனோம். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் என்ன என்ற கேள்விக்கு மனைவி தன் அப்பா பெயரைச் சொன்னாள். தங்கராஜ் என்ற தனி மனிதர் அந்த நொடியில் ஒரு வம்சமானார். குழந்தையின் குடும்பப்பெயர் என்றதும் பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "ஊரை எழுதுகிற மாதிரியா, இரண்டு ஓ போட்டா?" என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அச்சிடுவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஸ்காட்லாந்தில் பிறப்புப் பதிவின் படம் நூறு வருடம் கழித்துத்தான் இணையத்தில் எல்லோருக்கும் திறக்கும். அன்றைக்கு 'யு-ஐ' போட்டவர்களைத் தேடும் யாரோ ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்குக் காசு கட்டி எங்கள் பக்கத்தைத் திறப்பார். குயிலி, தங்கராஜ், பென்னிகுவிக். பாவம், எந்தக் கிளை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை அப்பாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். குயில், குன்று, கொம்பு எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. நான் வச்ச மாதிரியேதான எழுதியிருக்காங்க?" என்றார்.