கனல் மேல் சொட்டும் கொழுப்பு: பென்சில்வேனியாவில் ஒரு ஹங்கேரியக் கிளைக் கூட்டம்

"சனிக்கிழமை எங்கள் கிளை கூடுகிறது, குடும்பத்தோடு வந்துவிடுங்கள்" என்று அலுவலக நண்பர் கூப்பிட்டபோது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. அவர் சொன்னது ஓர் ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தின் கிளை. அந்தக் கூட்டத்துக்கு மனைவி, பிள்ளைகளை எதற்குக் கூட்டிப்போவது? "வந்து பாருங்கள், போகிற வழியில் மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிட்டுப் போகலாம்" என்றார்.

நண்பர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிட்ஸ்பர்க்கில். அவருடைய கொள்ளுத்தாத்தாதான் ஹங்கேரியிலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர். தென்கிழக்கே யாக்கிகேனி ஆற்றுப் பக்கமாக முக்கால் மணி நேரம் ஓட்டினோம். ஸ்மித்டன் ஊருக்கு அருகே ஆலிவ் பிராஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் காரை நிறுத்தச் சொன்னார். ஆகஸ்ட் மாத வெயில், புல் நன்றாக வெட்டியிருந்தது, எங்களைத் தவிர ஆள் யாரும் இல்லை. டார் சுரங்கத்தில் 1907 டிசம்பர் 19 அன்று நடந்த வெடிப்பில் 239 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 71 பேரை ஒரே குழியில் புதைத்த இடம் இது. பலருடைய பெயர்கூடத் தெரியாது, உடலைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. கிரேக்கக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் பலர் பழைய நாட்காட்டிப்படி அன்றைக்கு வந்த புனித நிக்கோலஸ் திருநாளுக்காகக் கோயிலுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள், இல்லையென்றால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

என் மகள் கல்லில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். நண்பர் அதிகம் பேசவில்லை. "இந்த ஆட்களுக்குப் பின்னால் ஊரில் இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் காசு அனுப்பியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

உண்மையில் எல்லாமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல்தான். அதற்கு முன்பு சுரங்கத்தில் கால் போனாலும் சரி, உயிர் போனாலும் சரி, கம்பெனி ஏதாவது கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே சந்தா போட்டுப் பணம் சேர்த்தார்கள், யாராவது படுத்துவிட்டால் அதிலிருந்து கொடுப்பது, செத்துப்போனால் அடக்கச் செலவும் குடும்பத்துக்குக் கொஞ்சமும் கொடுப்பது. நம் ஊர்ப் பக்கம் மரண சகாய நிதி என்று சொல்வோமே, அதேதான். 1886 பிப்ரவரியில் ஹேஸல்டன் என்ற சுரங்க ஊரில் 13 ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் வெர்ஹோவாய் சகாய சங்கம். அந்தக் காலத்து ஹங்கேரிய நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகையாளர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அது 1955-ல் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரின் ராக்கோட்ஸி சங்கத்தோடு இணைந்தபோது வில்லியம் பென் சங்கம் என்று பெயர் மாறியது. பென்சில்வேனியாவை நிறுவியவரின் பெயர். கிளைகளுக்கு ஊர்ப் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. நண்பர் தன் கிளை எண்ணைச் சொல்லும்போது குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்.

அப்புறம் கூட்டம் நடக்கும் தோப்புக்குப் போனோம். தகரக் கொட்டகை, நீள நீளமாக மரமேசைகள், நடுவில் கல் அடுக்கிய பெரிய தீக்குழி. காலையிலேயே கட்டைகளை எரித்துக் கனலாக்கி வைத்திருந்தார்கள், சுவாலை ஒன்றுகூட இல்லை. அதைச் சுற்றி எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக்காரரும் ஆளுக்கொரு நீளக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். குச்சி நுனியில் ஸலொன்னா, அதாவது புகை போட்ட பன்றிக்கொழுப்புத் துண்டு, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறல். அதைக் கனலுக்கு மேலே காட்டிச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கீறல்கள் மெல்ல விரிந்து பூப்போல ஆகும்போது கொழுப்பு உருகிச் சொட்ட ஆரம்பிக்கும், அந்த நொடியில் குச்சியை இழுத்து மடியில் தயாராக இருக்கும் ரொட்டித் துண்டின் மேல் சொட்ட விட வேண்டும். திரும்பக் கனல், திரும்ப ரொட்டி. ரொட்டி நன்றாக ஊறியதும் அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரிக்காய், தக்காளி, முள்ளங்கி, பச்சைக் குடைமிளகாய், ஒரு சிட்டிகை பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்ப்பொடி. கடைசியில் மொறுமொறுவென்று ஆன கொழுப்பையே வெட்டி மேலே போட்டுக்கொள்வார்கள்.

ஒரு ரொட்டி தயாராக அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. இந்தச் சமையலை அவசரப்படுத்தவே முடியாது. அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் இருப்பவரோடு பேசியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் 1956-ல் ஹங்கேரியில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த புரட்சி நசுக்கப்பட்டபோது சிறுவனாகப் பெற்றோரோடு ஆஸ்திரிய எல்லையை நடந்தே கடந்தவர், நியூ ஜெர்சியில் இருந்த கில்மர் முகாமில் இறங்கிய 30,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். சுரங்கக் காலத்து ஆட்களின் பேரப்பிள்ளைகளும் 1956-ல் வந்தவர்களும் ஆரம்பத்தில் அவ்வளவாக ஒட்டவில்லையாம். முன்னவர்களுடையது ஆங்கிலம் கலந்த பழைய கிராமத்துப் பேச்சு, பின்னவர்கள் பலர் நகரத்துப் படிப்பாளிகள். "இந்தக் கனலுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்துதான் பழகினோம்" என்று சொல்லிவிட்டு என் ரொட்டியை வாங்கி அவர் குச்சியிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாரும் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயருக்குப் பின்னால் பெண்களுக்கு நேனி, ஆண்களுக்கு பாச்சி. சொந்தமாக இருக்க வேண்டும் என்றில்லை, வயதில் மூத்தவராக இருந்தால் போதும். மற்றபடி ஒரு சொல் ஹங்கேரியன் தெரியாத ஐந்தாம் தலைமுறைப் பையன்கூட "நேனி, உப்பு எங்கே?" என்றுதான் கேட்கிறான். குடும்பப் பெயரை முதலில் சொல்லித் தன் பெயரைப் பின்னால் சொல்வது ஹங்கேரிய வழக்கம் என்று கேட்டதும், முன்னால் இனிஷியல் போட்டு எழுதும் எனக்குச் சட்டென்று ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

கொட்டகையின் ஓரத்தில் நான்கு பெண்கள் 'ச்சிகா' செய்துகொண்டிருந்தார்கள். நத்தை என்று அர்த்தம். முட்டை போட்டுப் பிசைந்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, விரல்நக அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் வரிவரியாகப் பள்ளம் உள்ள சின்ன மரப்பலகையில் வைத்து, சிறு குச்சியில் சுருட்டி ஓர் உருட்டு. நத்தை ஓடுபோல வரி விழுந்து வருகிறது. பழைய காலத்தில் இதற்குத் தறியில் நூல்களைப் பிரித்து வைக்கும் சீப்பு போன்ற அச்சை உடைத்துப் பயன்படுத்துவார்களாம். கல்யாணச் சூப்பில் போடுவதற்காக ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து செய்த வேலை இது. இப்போது பாக்கெட் போட்டு விற்று, அந்தப் பணத்தைக் கிளைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கிறார்கள். என் மனைவி உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மாவு காய்வதற்குள் சுருட்ட வேண்டும், காய்ந்தால் விரிசல் விடும், ஈரமாக இருந்தால் வரி விழாது. ஒரு நேனி வாயே திறக்காமல் அவள் கையைப் பிடித்துக் குச்சியின் சாய்வை மட்டும் மாற்றி வைத்தார், அடுத்ததிலிருந்து சரியாக வந்தது.

கூட்டம் என்று நடந்தது இருபது நிமிடம்கூட இருக்காது. செயலாளர் நோட்டைத் திறந்தார். போன தடவைக்குப் பிறகு இறந்துபோன இரண்டு பேரின் பெயரை வாசித்தார், எல்லாரும் எழுந்து நின்றார்கள். உணவு வங்கிக்குக் கொடுத்த கணக்கு, பௌலிங் போட்டிக்கு யார் யார் போகிறார்கள், புதிதாகப் பிறந்த ஒரு குழந்தையின் பெயரில் எடுத்த சின்னப் பாலிசி, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இன்றைக்குக் காப்பீடு வேண்டுமென்றால் ஆயிரம் கம்பெனி இருக்கிறதே என்று கேட்டேன். நண்பர் சொன்ன பதில் எனக்குப் புதுச் செய்தி. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(8) பிரிவில் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் உறுப்பினர்களுக்குப் பாலிசி கொடுத்தால் மட்டும் போதாது, கிளைகள் வைத்து நடத்த வேண்டும். ஆக இந்தக் கொழுப்பும் ரொட்டியும் ச்சிகாவும் ஏதோ ஓய்வுநேர விஷயம் என்று நான் நினைத்தது தப்பு. ஆட்கள் கூடாவிட்டால் கிளை இல்லை, கிளை இல்லாவிட்டால் இந்த மாதிரிச் சங்கமே இல்லை.

அந்தக் கவலை அங்கே எல்லாரிடமும் இருந்தது. பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹோம்ஸ்டெட் இரும்பாலை 1986-ல் மூடப்பட்டது, சங்கம் தொடங்கிச் சரியாக நூறு வருடம். ஆலைகள் போனதும் பிள்ளைகள் வேலை தேடி வெவ்வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். "என் பிள்ளைகள் டெக்சாஸில் இருக்கிறார்கள், பாலிசி இருக்கிறது, கூட்டத்துக்குத்தான் வர முடியாது" என்றார் ஓர் அம்மா, சொல்லிக்கொண்டே அவர்களுக்கு அனுப்ப இரண்டு பாக்கெட் ச்சிகாவை எடுத்து வைத்தார்.

பொழுது சாயும்போது அக்கார்டியன், வயலினோடு சார்தாஷ் ஆட்டம் ஆரம்பித்தது. மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகமெடுக்கும் ஆட்டம். என் மகளை அந்த ஆங்கிலம் மட்டும் பேசும் பையன் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தது அக்டோபரில் திராட்சை அறுவடை விழாவாம். மண்டபத்தின் கூரை முழுக்கப் பந்தல் கட்டித் திராட்சைக் குலைகளைத் தொங்கவிடுவார்கள், இளைஞர்கள் காவல்காரர்களாக நிற்பார்கள், ஆடுகிற சாக்கில் யாராவது குலையைப் பறித்தால் பிடித்துக்கொண்டுபோய் 'நீதிபதி'யின் முன் நிறுத்தி அபராதம் வாங்குவார்கள். அபராதமெல்லாம் கிளை நிதிக்கு. முதல்நாள் சாயங்காலம் ஏணி போட்டுக் குலை கட்ட ஆள் தேவை என்று செயலாளர் நோட்டோடு வந்தார். என் பெயரையும் மனைவி பெயரையும் எழுதிக்கொண்டார், இனிஷியலை முன்னால் போட்டுத்தான்.