மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் கார் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. 948 சிசி எஞ்சின். அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர்ச் சுவரின் தேய்மானம் விரல் நகத்திலேயே தட்டுப்பட்டது. பெற்றோல் அரிதாயிருந்த 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய வண்டி. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். அப்புறம் தேயாமல் என்ன செய்யும்?

சரி, சிலிண்டர் வேலைக்கு வெளியில் கொடுத்தாயிற்று. இப்போது வயரிங்.

இந்தப் பழைய மொறிஸில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். மின்சாரம் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்றைய ஓல்ரனேற்றர் போட நினைத்தால் முதலில் அந்த இணைப்பை நெகற்றிவ் முனைக்கு மாற்ற வேண்டும். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும்.

"கொம்பனி போட்டதை ஏன் தம்பி மாத்துறாய்?" என்கிறார் பெரியப்பா.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது, லைற் மங்கும். இரவில் ஏ-9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும். எனக்கு லைற் முக்கியம்.

நிறத்தில் மட்டும் அவர்தான் வென்றார்: கறுப்பு. எங்கள் ஒழுங்கைப் புழுதியைக் காட்டியும் பார்த்தேன், மனுசன் அசையவில்லை.