ப்ளூம்பரோ: வரிசை தெரிந்து ஆட வேண்டிய அட்டைகள்

மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை விளையாட்டில் 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்த ப்ளூம்பரோ தொகுப்பில் மனிதர்களே கிடையாது. சுண்டெலி, முயல், நீர்நாய், வௌவால், தவளை, அணில் என்று பத்து விலங்குக் கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறங்கள். ஓவியங்களைப் பார்த்தால் குழந்தைகள் புத்தகம் போலிருக்கும். மேசையில் இறங்கினால் கதை வேறு. இதன் நல்ல அட்டைகள் எல்லாம் குறைந்த மானாவில் (அட்டையை ஆடச் செலவிடும் சக்தி, லேண்ட் அட்டைகள் தருவது) இறங்குபவை. ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது.

முதலில் ஹார்ட்ஃபயர் ஹீரோ. ஒரு சிவப்பு மானா, 1/1 சுண்டெலி (முதல் எண் பவர், அதாவது அடிக்கும் பலம்; இரண்டாவது டஃப்னஸ், அதாவது தாங்கும் பலம்). நம்முடைய ஸ்பெல்லோ (நாம் ஆடும் அட்டை) எபிலிட்டியோ (ஒரு அட்டையின் திறன்) ஒரு டர்னில் முதல் தடவை அதைக் குறிவைத்தால் ஒரு +1/+1 கவுண்டர் (இரண்டு எண்களிலும் ஒன்று கூட்டி, டர்ன் முடிந்தாலும் நிற்கும் குறி) ஏறும். இதற்கு வேலியன்ட் என்று பெயர். செத்துப்போனால், சாகும்போது என்ன பவர் இருந்ததோ அந்த அளவுக்கு எதிராளிக்கு அடி விழும்.

இதன் மேல் மான்ஸ்ட்ரஸ் ரேஜ் போடும் நொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ரேஜுக்கு ஒரு மானா. அந்த டர்ன் முடியும்வரை +2/+0 தரும், கூடவே மான்ஸ்டர் ரோல் என்ற டோக்கனை (டெக்கில் இல்லாமல் ஆட்டத்தில் உருவாகும் பொருள்) ஒட்டும். அந்த ரோல் +1/+1, டிராம்பிள் (தடுப்பவரைக் கொன்று மிஞ்சிய அடி எதிராளிக்குப் போகும்) இரண்டும் தரும், டர்ன் முடிந்தாலும் போகாது. ஹீரோவைக் குறிவைத்ததுமே வேலியன்ட் ஸ்டாக்கில் (நடக்கக் காத்திருப்பவற்றின் அடுக்கு, மேலே இருப்பது முதலில் நடக்கும்) ரேஜுக்கு மேலே போய் உட்காரும், அதனால் அதுதான் முதலில் நடக்கும். ஹீரோ 2/2 ஆன பிறகே ரேஜ் வரும், அப்போது 5/3. எதிராளியிடம் ஷாக் (2 அடி கொடுக்கும் அட்டை) இருந்தால் ரேஜ் நடப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். வேலியன்ட்டுக்கு முன் போட்டால் ஹீரோ 1/1 ஆகச் செத்து 1 அடி கொடுக்கும், பின் போட்டால் 2 அடி. எப்படிப் போட்டாலும் குறி இல்லாமல் போவதால் ரேஜும் வீணாகும். ஒரு அட்டையால் இரண்டு அட்டையை இழக்கும் இடம் இதுதான். எதிராளியின் லேண்டுகள் எல்லாம் டேப் ஆகியிருக்கும் (பயன்படுத்திச் சாய்த்து வைத்திருக்கும்) சமயம் பார்த்து ரேஜைப் போடுங்கள். அது ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த டர்னிலும் ஹீரோ 3/3 ஆக நிற்கும். பவரும் டஃப்னஸும் சேர்ந்து 6 ஆகிவிடுவதால், கூட்டுத்தொகை 5 வரை மட்டுமே கொல்லும் கட் டவுன் அதைத் தொட முடியாது.

கூட மேனிஃபோல்ட் மவுஸ் சேர்ந்தால் ரேஜ் இல்லாமலே கவுண்டர் ஏறும். நம் டர்னில் காம்பட் (சண்டைக் கட்டம்) தொடங்கும்போது அது ஒரு சுண்டெலியைக் குறிவைத்து டபுள் ஸ்ட்ரைக் (இரண்டு தடவை அடிக்கும் திறன்) அல்லது டிராம்பிள் கொடுக்கும். குறிவைப்பதால் வேலியன்ட்டும் கிளம்பும். முதல் டர்னில் ஹீரோ, இரண்டாவதில் மேனிஃபோல்ட் மவுஸ். ஹீரோ 2/2 டபுள் ஸ்ட்ரைக், ஆக 4 அடி. மூன்றாவது டர்னில் 3/3 ஆகும், மேலே ரேஜ் போட்டால் 6/4, டபுள் ஸ்ட்ரைக்கில் 12. யாரும் தடுக்காவிட்டால் மூன்று டர்னுக்குள் 20 உயிரில் 16 போய்விடும். டிராம்பிளை ரோலே கொடுத்துவிடும், அதனால் மவுஸிடம் டபுள் ஸ்ட்ரைக்கையே கேளுங்கள். எது வேண்டும் என்பதை அந்த எபிலிட்டி நடக்கும்போதுதான் சொல்ல வேண்டும். முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லி எதிராளிக்கு உதவ வேண்டாம். இன்னொன்று: வேலியன்ட் ‘ஒவ்வொரு டர்னிலும்’ என்பதால் எதிராளியின் டர்னும் கணக்கில் வரும். தடுக்கும்போது ஒரு இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும் போடக்கூடிய ஸ்பெல்) போட்டால் இன்னொரு கவுண்டர் கிடைக்கும்.

2025 ஜூன் 30 அன்று ஸ்டாண்டர்டில் (சமீபத்திய தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி வகை) ஹீரோவையும் ரேஜையும் ஒரே நாளில் தடை செய்தார்கள். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஹீரோவுக்குச் சரியான பதில் அதே தொகுப்பில் இருக்கிறது: பார்ட்டிங் கஸ்ட். ஒரு வெள்ளை மானா, இன்ஸ்டன்ட். டோக்கன் அல்லாத ஒரு கிரீச்சரை (சண்டையிடும் உயிரினம்) எக்ஸைல் செய்யும், அதாவது ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கும். எக்ஸைல் என்றால் சாவு கிடையாது, எனவே ஹீரோவின் கடைசி அடியும் கிடையாது. கிரீச்சர் நிரந்தரமாகப் போக வேண்டுமென்றால் எதிராளிக்கு டேப் ஆன ஒரு 1/1 மீன் டோக்கனைப் பரிசாகத் தருவதாக வாக்களிக்க வேண்டும். ஸ்பெல்லைப் போடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் செல்லாது. பரிசு இல்லாமல் போட்டால் அடுத்த எண்ட் ஸ்டெப்பில் (டர்னின் முடிவுக் கட்டம்) அந்தக் கிரீச்சர் ஒரு +1/+1 கவுண்டரோடு திரும்பிவரும். அதனால் நம் கிரீச்சரைக் காப்பாற்றவும் இது உதவும். எண்ட் ஸ்டெப் தொடங்கிய பிறகு போட்டால் மட்டும் அது அடுத்த டர்னின் எண்ட் ஸ்டெப் வரை வராது. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

அப்படித் திருப்பிக் கொண்டுவர ஏற்றவள் பீஸா, த பவுண்டிங் ஸ்பிரிங். நான்கு மானா, 4/5. உள்ளே வரும்போது நான்கு கேள்விகள் கேட்பாள். எதிராளிக்கு நம்மைவிட லேண்ட் அதிகமா? ஒரு ட்ரெஷர் (ஒரு தடவை மானா தரும் டோக்கன்). உயிர் அதிகமா? நமக்கு 4 உயிர். கிரீச்சர் அதிகமா? இரண்டு மீன்கள். கையில் அட்டை அதிகமா? ஒரு அட்டை. பீஸாவும் நம் கிரீச்சர்தான். மேசை காலியாக இருக்கும்போது அவளை இறக்கினால், எதிராளியிடம் குறைந்தது இரண்டு கிரீச்சர் இருந்தால்தான் மீன் வரும். கையில் ஒரு லேண்ட் மிச்சமிருந்தால் அதை எப்போது போடுவது என்பது நல்ல கேள்வி. முன்னால் போட்டால் கை குறைந்து அட்டை கிடைக்க வழி திறக்கும். பின்னால் போட்டால் ட்ரெஷருக்கு வழி. எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பொறுமையாக ஆடுபவர்களுக்குக் கேர்டேக்கர்ஸ் டேலண்ட். மூன்று மானா. நம் டோக்கன் உள்ளே வரும்போது ஒரு அட்டை எடுக்கலாம், டர்னுக்கு ஒரே தடவை. இந்த ‘ஒரே தடவை’ என்பதால்தான் டோக்கன்களை நம் டர்னிலேயே கொட்டிவிடக் கூடாது. இரண்டு மானா கேரட் கேக் உள்ளே வரும்போது ஒரு முயல் டோக்கனும் ஸ்க்ரை 1-உம் (டெக்கின் மேல் அட்டையைப் பார்த்து, வேண்டாவிட்டால் அடியில் தள்ளுவது) தரும். சாக்ரிஃபைஸ் செய்யும்போது (நாமே அதைப் பலி கொடுக்கும்போது) மறுபடியும் அதே. வரும்போது நம் டர்னில் ஒரு அட்டை. பிறகு இரண்டு மானாவை விட்டுவைத்து எதிராளியின் டர்னில் கேக்கைச் சாக்ரிஃபைஸ் செய்து சாப்பிட்டால் 3 உயிர், இன்னொரு முயல், இன்னொரு அட்டை. ஸ்க்ரை முடிந்த பிறகே டேலண்ட் அட்டை எடுக்கும், அதனால் வேண்டாத அட்டையை முதலில் அடியில் தள்ளிவிடலாம். ஒரு வெள்ளை மானாவில் டேலண்ட் லெவல் 2-க்கு ஏறும்போது நம் டோக்கன் ஒன்றின் நகல் கிடைக்கும். மேசையில் டோக்கன் இல்லாதபோது ஏற்றினால் அந்த நகல் போனது போனதுதான்.

இதே டெக்கில் ஃபவுண்டன்போர்ட் என்ற லேண்டும் வேலை செய்யும். மூன்று மானாவும் 1 உயிரும் கொடுத்து அதை டேப் செய்தால் ஒரு மீன், அதுவும் எதிராளியின் டர்னிலேயே. ஆனால் மானாவாக அது தருவது நிறமற்றது மட்டுமே. சுண்டெலி டெக்கில் இதைச் சேர்க்காதீர்கள், முதல் டர்னில் இது மட்டும் கையில் வந்தால் ஹீரோவை இறக்க முடியாது.